முறிந்த வாளும் ஒரு கேள்வியும்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில், வாளும் மாயமும் நிறைந்த ஹொலிவூட் படத்திற்கு என்ன வேலை என நேயர்கள் கேட்கலாம். ஜோன் மிலியஸ் 1982 இல் நெறிப்படுத்திய 'கோனன் த பார்பேரியன்' மீது எனக்குள்ள பிரியம் இன்றும் குறையவில்லை.

நாயகனைப் படைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் றொபேர்ட் ஈ. ஹவார்ட். 1932 இல் 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுவிலைச் சஞ்சிகையில் கோனனின் முதற்கதை வெளிவந்தது. 1936 இல், முப்பது வயதில், ஹவார்ட் மறைந்தார்.

படத்தில் வசனம் குறைவு. அடிமைச் சிறுவன் பெருஞ்சக்கரம் ஒன்றைத் தள்ளித் தள்ளியே இளைஞனாகிறான். ஆண்டுகள் கடப்பதைச் சொற்களன்றி, பசில் பொலிடூரிஸின் இசையே உணர்த்துகிறது.

மனிதரை நம்பாதே, உருக்கையே நம்பு என்று மகனுக்குச் சொல்கிறார் தந்தை. உருக்கிலும் வலியது அதை ஏந்தும் கை என்கிறான், அவரைக் கொன்ற மந்திரவாதி. இறுதிப் போரில் தந்தையின் வாள் முறிகிறது. முறிந்த வாளாலேயே மகன் மந்திரவாதியை வீழ்த்துகிறான். உருக்கு பொய்த்தது, மந்திரவாதி சொன்னது அவனையே அழித்தது.

அன்று வாட்சண்டைக்காகப் பார்த்தேன். எதை நம்பி வாழ்வது என்ற கேள்விக்காகவே இன்று பார்க்கிறேன். அக்கேள்வியை எழுப்புவது எதுவோ, அதுவும் இலக்கியந்தானே!