கதைக்கும் உண்டு மூலப்பத்திரம்

1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதுதில்லியின் வேவல் அரங்கில் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் இந்தி நாடகம் மேடையேறியது. எழுதியவர் ஆர்.ஜி. ஆனந்த். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர், நாட்டத்தால் நாடகாசிரியர். ஒரு பஞ்சாபிக் குடும்பமும், வடக்கே 'மதராசி' என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட தென்னிந்தியக் குடும்பமும் அண்டை வீடுகளில் வாழ்கின்றன. ஒரு வீட்டு மகனும் மறுவீட்டு மகளும் காதலிக்கிறார்கள் என்று தெரியவந்ததும், அதுவரை நிலவிய நட்பு முறிந்துபோகிறது. விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்த நாட்டின் தலைநகரில் இக்கதை வரவேற்புப் பெற்றதில் வியப்பில்லை.

நாடகத்தைக் குறித்துக் கேள்வியுற்ற திரைப்பட இயக்குநர் மோகன் சேகல் அதைப் படமாக்கும் எண்ணத்துடன் ஆனந்தைத் தொடர்புகொண்டார். 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆனந்த் அவருக்கு நாடகம் முழுவதையும் படித்துக் காட்டினார். அதன்பின் பேச்சு நின்றுபோயிற்று. சில மாதங்களில் 'நியூ டெல்லி' என்னும் படத்தைச் சேகல் அறிவித்தார். ஆனந்த் ஐயம் எழுப்பியபோது, தமது படத்தின் கதை வேறு என்று பதில் வந்தது. 1956இல் படம் வெளியாயிற்று. தலைநகரில் பஞ்சாபி இளைஞனுக்கு வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. அவன் தமிழனாக வேடமிட்டு ஓரிடத்தில் குடியேறுகிறான். தமிழ்ப் பெண்ணான ஜானகியைக் காதலிக்கிறான். கிஷோர் குமாரும் வைஜெயந்திமாலாவும் நடித்திருந்தார்கள். படத்தைப் பார்த்த ஆனந்த் நீதிமன்றத்தை நாடினார்.

விசாரணை நீதிமன்றத்தில் அவருக்குத் தோல்வி. தில்லி உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் 1978இல் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது படம் வெளியாகி 22 ஆண்டுகள் கடந்திருந்தன. அங்கும் அவர் தோற்றார். ஆயினும் அத்தீர்ப்புதான் இந்தியாவில் கதைத் திருட்டு பற்றிய வழக்குகளுக்கெல்லாம் இன்றளவும் அடித்தளமாக விளங்குகிறது.

நீதிபதி முர்த்தசா ஃபசல் அலி எழுதிய அத்தீர்ப்பின் சாரம் எளிது. ஒரு கருத்துக்கோ, கருப்பொருளுக்கோ, கதைப் பின்னலுக்கோ, வரலாற்று நிகழ்ச்சிக்கோ எவரும் உரிமை கொண்டாட இயலாது. அதை ஓர் ஆசிரியர் வெளிப்படுத்திய வடிவத்துக்கு மட்டுமே பதிப்புரிமை உண்டு. இரண்டு படைப்புகளையும் கண்ட ஒருவர், பின்னது முன்னதன் நகலே என்னும் ஐயமற்ற முடிவுக்கு வருகிறாரா என்பதே உரைகல். 'ஹம் ஹிந்துஸ்தானி' மாநிலப் பற்றால் திருமணம் தடைபடுவதைப் பேசியது. 'நியூ டெல்லி' அதோடு வீட்டு வாடகையில் காட்டப்படும் பாகுபாட்டையும் வரதட்சணைக் கொடுமையையும் பேசியது. ஆகவே அது நகலன்று என்று நீதிமன்றம் கருதியது. அமர்வில் இருந்த நீதிபதி ஆர்.எஸ். பதக், படத்தின் கதாசிரியர்கள் நாடகத்தின் கதையை அறிந்திருந்தனர் என்பதிலும் அதன் செல்வாக்கு அவர்கள் மேல் படிந்திருந்தது என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை எனத் தனியே பதிவு செய்தார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்ட நிலையில் தலையிட விரும்பாமல் அவரும் உடன்பட்டார்.

சட்டம் சரியாகவே சொல்லிற்று என்பதில் எனக்கு மறுப்பில்லை. காதலுக்கும் பகைக்கும் மாறாட்டத்துக்கும் தனியுடைமை வழங்கினால் எவராலும் இரண்டாவது கதையை எழுத முடியாது. எனினும், தம் கதையைத் தாமே படித்துக் காட்டிவிட்டுத் திரையரங்கின் இருளில் அதன் சாயலைக் கண்ட அந்த மனிதருக்கு ஒரு நன்றிச் சொல்லாவது கிடைத்திருக்க வேண்டும் என்றே மனம் சொல்கிறது.

தமிழ் இலக்கண நூலோர் இந்தச் சிக்கலை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுக்கிறது. வழிநூல் என்பது முதல்நூலின் முடிவை ஏற்று, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்து இயற்றுவது. வழிநூல் செய்வது இழுக்கு என்று அவர்கள் கருதவில்லை. முன்னோரை மறைப்பதையே இழுக்கெனக் கருதினார்கள். கம்பனும் தன் காப்பியத்தின் தொடக்கத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவருள் முதல்வரைத் தான் பின்பற்றியதாகவும் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்கிறான்.

வீட்டுக் கடன் பெற்றவர்களுக்கு மூலப்பத்திரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இன்று விற்பவர் யாரிடமிருந்து வாங்கினார், அவருக்கு யார் விற்றார் என்று பத்திரங்களின் தொடர்ச்சியைப் பார்த்து, வில்லங்கம் இல்லை என்று உறுதி செய்த பின்னரே வங்கி கடன் தருகிறது. முறையான திரைப்பட மறுஆக்கத்துக்கும், அதாவது ரீமேக்குக்கும், இத்தகைய தொடர்ச்சி தேவை. கதை ஒருவருடையது, திரைக்கதை இன்னொருவருடையதாக இருக்கலாம், படம் தயாரிப்பாளருடையது. மறுஆக்க உரிமையை விற்க வந்தவருக்கு அந்த உரிமை உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறதா, எந்த மொழிக்கு, எத்தனை முறைக்கு என்பதையெல்லாம் வாங்குபவர் ஆராய வேண்டும்.

நம் நாட்டில் முறையான மறுஆக்கங்களுக்கு நீண்ட மரபு உண்டு. தாபி சாணக்யா என்னும் இயக்குநர் 1964இல் தெலுங்கில் 'ராமுடு பீமுடு' எடுத்தார். உருவத்தில் ஒத்த இருவர். ஒருவர் கோழை, மற்றவர் துணிவானவர். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். மறு ஆண்டே அதைத் தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யாகவும், 1967இல் இந்தியில் 'ராம் அவுர் ஷ்யாம்' ஆகவும் அவரே இயக்கினார். என்.டி. ராமாராவ், எம்.ஜி.ஆர்., திலீப் குமார் ஆகிய மூவரும் ஒரே இரட்டை வேடத்தை ஏற்றார்கள். ஆனால் மூன்று படங்களும் மூன்று வேறு மனிதர்களைக் காட்டின. எம்.ஜி.ஆர். சாட்டையை எடுத்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் எழுந்த ஆரவாரத்தைக் கதை மட்டும் ஈட்டித் தரவில்லை. அந்த நடிகரைப் பற்றி மக்கள் ஏற்கெனவே கொண்டிருந்த நம்பிக்கை ஈட்டித் தந்தது. பின்னர் 1972இல், அதே மாறாட்டத்தைப் பெண்களுக்கு உரியதாக்கிய 'சீதா அவுர் கீதா' இந்தியில் வந்தது. அது தெலுங்கில் 'கங்கா மங்கா' ஆகவும் தமிழில் 'வாணி ராணி' ஆகவும் தெற்கே திரும்பியது. பிறந்த வீட்டுக்கு உருமாறி வந்த கதை அது.

எல்லாரும் இவ்வாறு கேட்டு வாங்கினார்கள் என்று சொல்ல இயலாது. அயல்நாட்டுப் படங்களைப் பொறுத்தவரை, கடல்கடந்து எவர் வழக்குத் தொடரப்போகிறார் என்னும் துணிவு நெடுங்காலம் நிலவியது. இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' ஜப்பானில் 1961இல் வெளியானது. இத்தாலியின் செர்ஜியோ லியோனே 1964இல் அதைக் கேட்காமலேயே கௌபாய் படமாக்கினார். ஜப்பானிய நிறுவனம் உரிமை கோரியதன் விளைவாக, உலக வசூலில் 15 விழுக்காடு தருவதென உடன்பாடு ஏற்பட்டது. அதே குரோசவாவின் 'செவன் சாமுராய்' 1960இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஆகி அமெரிக்காவுக்குச் சென்றபோது மூலத்தின் பெயர் முறையாகவே குறிக்கப்பட்டது. இந்தியாவில் திருப்பம் 2009இல் வந்தது. 'மை கசின் வின்னி' என்னும் தன் படத்தைத் தழுவியதாகக் கூறி, ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ஹாலிவுட் நிறுவனமொன்று மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 'ஃபாரஸ்ட் கம்ப்' படம் 2022இல் 'லால் சிங் சத்தா' ஆனபோது உரிமை முறைப்படி பெறப்பட்டிருந்தது.

திருட்டுக்கும் மறுஆக்கத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது முன்னோடிக்குச் செலுத்தும் வணக்கம். திருடுபவர் பார்வையாளர் மூலத்தை அறியக்கூடாது என்று விரும்புகிறார்; வணங்குபவர் அறிய வேண்டும் என்று விரும்புகிறார். சரத்சந்திரரின் 'தேவதாஸ்' நாவல் 1917இல் வெளிவந்தது. பி.சி. பருவா அதை 1930களின் நடுவில் வங்கத்திலும் இந்தியிலும் படமாக்கினார். சைகல் நடித்த அந்த இந்திப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிமல் ராய். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், 1955இல், அவரே திலீப் குமாரை வைத்து 'தேவதா'ஸை மீண்டும் எடுத்தார். தம் இளமையில் கேமராவின் பின்னால் நின்று பார்த்த துயரத்தை முதிர்ந்த வயதில் மீண்டும் பார்க்கிறார் என்பதே அப்படத்துக்கு ஒரு தனி அடக்கத்தைக் கொடுத்திருக்கிறது. 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி அதே கதைக்கு மாளிகையும் கண்ணாடியும் பூட்டினார். 2009இல் அனுராக் காஷ்யப்பின் 'தேவ் டி' அவனைச் சாகவிடாமல் உயிரோடு அனுப்பிவைத்தது. நம் சட்டப்படி எழுத்துப் படைப்பின் உரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். முன்பு அது 50 ஆண்டுகளாக இருந்தது. சரத்சந்திரர் 1938இல் மறைந்தார். ஆகவே பன்சாலிக்கும் காஷ்யப்புக்கும் கேட்டு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரைச் சொல்ல வேண்டிய கடமை அதனால் தீர்ந்துவிடவில்லை; இருவரும் அதை மறைக்கவுமில்லை.

அண்மைக் காலத்தில் மறுஆக்கத்தின் இயல்பை இந்தியப் படங்களுள் 'த்ருஷ்யம்' அளவுக்குக் காட்டியது வேறொன்றும் இல்லை என்பேன். ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய அந்த மலையாளப் படம் 2013 டிசம்பரில் வெளியானது. ஜார்ஜ்குட்டி, பள்ளிப்படிப்பைத் தொடக்கத்திலேயே நிறுத்திய கேபிள் டிவிக்காரர். இரவெல்லாம் சினிமா பார்ப்பவர். வீட்டில் எதிர்பாராத ஒரு மரணம் நேர்ந்ததும், குடும்பத்தைக் காக்க, நடந்த நாளுக்கு மாற்றாக வேறொரு நாளை அவர் உருவாக்குகிறார். அதே பயணம், அதே உணவகம், அதே திரையரங்கு என்று மறுநாள் ஒன்றை நடத்திக் காட்டி, அதைச் சாட்சிகளின் நினைவில் முந்தைய நாளாகப் பதியச் செய்கிறார். கூர்ந்து நோக்கினால் அவர் செய்வதும் ஒரு மறுஆக்கமே. அதற்கான பாடங்களை அவர் கற்றதும் பிறர் எடுத்த படங்களில்தான்.

கன்னடத்தில் பி. வாசுவும் தெலுங்கில் ஸ்ரீபிரியாவும் 2014இல் இதை இயக்கினார்கள். 2015இல் ஜீத்து ஜோசப்பே தமிழில் 'பாபநாசம்' எடுத்தார். நிஷிகாந்த் காமத் இந்தியில் எடுத்தார். சிங்களத்திலும் வந்தது. பொய்யான நாளுக்குக் காரணம் கற்பிக்கும் சிறு விவரத்தைப் பாருங்கள். கேரளத்தில் அக்குடும்பம் தொடுபுழையில் நடைபெற்ற கிறித்தவ தியானத்துக்குச் சென்றதாகச் சொல்கிறது. கோவாவில் நிகழும் இந்திப் படத்தில் பனாஜியில் ஒரு சாமியாரின் சத்சங்கத்துக்கு. 'பாபநாச'த்தில் கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் பேசும் நெல்லைத் தமிழே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. ஜெயமோகனின் உரையாடல் அதற்குத் துணைநின்றது. மண்ணுக்கு ஏற்ப மாற்றுவது என்பது ஊர்ப்பெயரை மாற்றுவதன்று. அந்த ஊரில் ஒரு குடும்பம் எந்தக் காரணம் சொன்னால் போலீசார் நம்புவார்கள் என்று அறிந்திருப்பது.

2019இல் சீன மொழியில் வந்த மறுஆக்கம் கதையைத் தாய்லாந்தில் வாழும் சீனக் குடும்பத்துக்கு மாற்றியது. மலையாளப் படத்தில் சட்டம் உண்மையைக் கண்டடையாமல் தோற்றுத் திரும்புகிறது. பார்வையாளர் தந்தையின் பக்கம் நின்று மூச்சுவிடுகிறார். சீனப் படத்தின் தந்தையோ இறுதியில் தாமே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். குற்றவாளி தப்பிப்பதைத் திரையில் காட்டத் தயங்கும் நாட்டில், அதே கதைக்கு அதே முடிவு இருக்க வழியில்லை.

இப்படத்தின் மேலும் ஐயம் எழுந்ததுண்டு. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு' என்னும் நாவலின் சாயல் உள்ளதாகச் சொல்லப்பட்டது. ஜீத்து ஜோசப் மறுத்தார். அந்த நாவலில் ஒரு கணித ஆசிரியர் அண்டை வீட்டுப் பெண்ணைக் காக்கப் பொய்ச் சாட்சியத்தை நெய்கிறார். இங்கே ஒரு தந்தை தன் மகளைக் காக்கிறார். 1978இன் உரைகல்லில் உரசினால், பொதுவாக நிற்பது கருத்து. வேறாக நிற்பது மனிதர்கள். பின்னர் 2023இல் அந்த நாவலே முறையான உரிமையுடன் இந்தியில் 'ஜானே ஜான்' ஆனது. இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த எவரும் ஒன்றை மற்றதன் நகல் என்று சொல்லமாட்டார்.

நகல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சிறப்பு என்று நினைப்பவருக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை 1998இல் கஸ் வான் சாண்ட் ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி அப்படியே வண்ணத்தில் எடுத்தார். உரிமை இருந்தது, உழைப்பும் இருந்தது. அச்சம் மட்டும் வரவில்லை.

ஓடிடி தளங்களில் மூலப் படமே வசன வரிகளுடன் வீட்டுக்கு வந்துவிடும் இன்றைய நிலையில் மறுஆக்கத்தின் வணிகம் இறுகியிருக்கிறது. தெலுங்கு 'ஜெர்சி'யை அதே இயக்குநர் இந்தியில் எடுத்தும், தமிழ் 'விக்ரம் வேதா'வை அதன் இயக்குநர்களே இந்தியில் எடுத்தும், 2022இல் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் இந்தி 'த்ருஷ்யம் 2' பெரும் வெற்றி பெற்றது. அதன் மலையாள மூலம் ஏற்கெனவே 2021இல் நேரடியாக ஓடிடியில் வந்து நாடெங்கும் பார்க்கப்பட்டிருந்தது. கதையின் முடிச்சு பலருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த கதையை, தாங்கள் ஏழாண்டுகளாக அறிந்திருந்த அந்தக் கோவாக் குடும்பத்துக்கு என்ன நேர்கிறது என்று காண, மக்கள் கட்டணம் செலுத்தி மீண்டும் வரிசையில் நின்றார்கள்.