தறி நிற்கக் கூடாது, இடுப்பு நிமிரக் கூடாதா?

குமாரபாளையம், பள்ளிபாளையம் தெருக்களில் தறிச் சத்தம் ராத்திரியிலும் ஓயாது. கூடத்துக்குள் ஒருவரே நான்கு தறி, ஆறு தறி என்று பார்க்கிறார். நாடாவில் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் தறியை நிறுத்தி, குனிந்து, புதுத் தாரைச் செருகி மறுபடி ஓட விட வேண்டும். அதற்குள் பக்கத்துத் தறியில் இழை அறுந்திருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின் மேல் உடம்பைச் சாய்த்து, கையை எட்டி நீட்டி, அறுந்த நுனியைத் தேடி முடி போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுக்க வேண்டும். சிமென்ட் தரையில் நின்றபடி ஷிப்ட் முழுக்க இதேதான்.

முதலில் இடுப்பு பிடிக்கும். பிறகு தோள்பட்டை, கழுத்து, மணிக்கட்டு. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் தசைநார் ஆற நேரமில்லாமல் வீங்கிப்போகிறது; மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டால் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலால் மெல்லிய நூலில் முடி போட வராது. தறி நிற்கும். அறுந்த இழையைக் கவனிக்கச் சற்றுத் தாமதித்தால் துணியில் கோடு விழும், கூலியில் பிடித்தம் விழும். ‘முன்ன மாதிரி ஓட்டறதில்ல’ என்ற பேரும் சேர்ந்துகொள்ளும்.

நெய்த மீட்டருக்குத்தான் கூலி என்பதால், வலி வந்த அன்றைக்கே வருமானம் இறங்குகிறது. அதன் மேல் பாக்கி, அதாவது வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்கிய முன்பணம். அது தலைக்கு மேல் நிற்கையில் பத்து நாள் படுத்து ஓய்வெடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறிக்குப் போகிறார்கள். வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற மாத்திரை அது. இவர்களைச் சோம்பேறி என்று சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு சார்ந்த கோளாறுகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. நம் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைச் சொன்னது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் இருந்தது, இரைச்சலால் காது மந்தமாவது இருந்தது. இடுப்பு வலி இல்லை. இஎஸ்ஐயில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவி கிடைக்கும். ஆனால் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். வீட்டை ஒட்டிய சின்னக் கூடங்களுக்குப் பெரும்பாலும் எட்டாது.

2023-ல் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது. நல்ல காரியம். தறி ஓட்டுகிறவருக்குத் தேவைப்படுவதோ அதைவிடச் சின்னச் செலவு: நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு, உயரம் குறைந்தவர் ஏறி நிற்கப் பலகை, பாவு பீமைத் தூக்காமல் தள்ளிப்போக ஒரு வண்டி, மணிக்கு ஐந்து நிமிடம் தறியைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. அவர் வரும் நேரத்தில் தறிக்காரர் வீட்டில் இருப்பதில்லை. அந்த மருத்துவரை வாரம் ஒரு நாள் தறிக்கூடங்களுக்கு அனுப்ப நாமக்கல் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.