மரம் முழுகாது
வட்டுக் காலம் – 9

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் பத்து. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்தப் பத்தில் ஒன்று மீன்பிடிப்பு. வலை, தூண்டில் என்று எதுவும் கிடையாது. கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு கைக்குழந்தை தங்கமீனைப் பிடிக்கப் பார்க்கிறது. இன்னொன்றில் படகிலிருந்து ஆட்கள் வரிசையாகக் கரையிறங்குகிறார்கள். மற்றொன்றில் சிறுவர்கள் கடலில் குதிக்கிறார்கள். ஒன்றில் கொல்லர்கள் இரும்படிக்கிறார்கள். தோட்டக்காரர் படமும் உண்டு: ஒரு பையன் தண்ணீர்க் குழாயை மிதித்துக்கொள்கிறான், தண்ணீர் ஏன் நின்றது என்று அவர் குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறார், பையன் காலை எடுத்துவிடுகிறான். உலகின் முதல் நகைச்சுவைப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

தொழிலைக் காட்டும் படமும் சிரிக்க வைக்கும் படமும் அன்றைக்கு ஒரே திரையில் ஓடின. பிறகு ஆளுக்கொரு வழியில் போய், நூறு வருஷம் கழித்து வட்டாக மாறி ஒரே குவியலில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டி காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில், செருப்புக்கும் பழைய சார்ஜருக்கும் நடுவே தரையில் பரப்பி வைத்திருப்பார்களே, அந்தக் குவியலில்தான். கதிர்காமத்திலிருந்து சைக்கிளில் போய் அங்கே நான் வாங்கியவற்றில் சாப்ளினும் உண்டு, பஸ்டர் கீட்டனும் உண்டு. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுச் சென்ற ‘படகு ஓட்டுவது எப்படி’, ‘தூண்டில் போடுவது எப்படி’ வகை டி.வி.டி.க்களும் உண்டு.

ஊமைப்படங்கள் இத்தனை மலிவாகக் கிடைத்ததற்குச் சட்டம் ஒரு காரணம். இந்தியாவில் திரைப்படக் காப்புரிமை, படம் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்தான். 1920களின் படங்கள் வி.சி.டி. வருவதற்கு முன்பே பொதுச்சொத்தாகிவிட்டன; யார் வேண்டுமானாலும் பதித்து விற்கலாம். 2007-ல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கிய பிறகு, விலை என்ற பேச்சே போய்விட்டது. ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம் பிடிக்கும். கீட்டனின் குறும்படம் மூன்று தாராளமாக அடங்கும்.

தரத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. அன்றைய காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு இத்தனை சட்டகம் என்று ஒரே கணக்கு கிடையாது. அதை அப்படியே நொடிக்கு 25 சட்டகமாக ஓடவிட்டால் எல்லோரும் வெறிநாய் துரத்தினாற்போல் ஓடுவார்கள். ஊமைப்படம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கும் பலர் நம்புவதற்கு இந்தத் தட்டுகள்தான் பொறுப்பு. பின்னணிக்குக் கையில் கிடைத்த பியானோவை ஒட்டிவிடுவார்கள். மனைவி அழுவாள், பியானோ துள்ளும்.

படகு டி.வி.டி.க்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இது தனி வியாபாரம். முடிச்சு போடுவது, டிரெய்லரில் படகை வைத்துக் காரைப் பின்னோக்கி எடுத்துத் தண்ணீரில் இறக்குவது, எந்த மீனுக்கு எந்த இரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. சனி, ஞாயிறில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கானது. நம் கரையில் அப்படியொரு சந்தை இருந்ததில்லை. வீராம்பட்டினத்திலோ நல்லவாட்டிலோ பிறந்த பையன் அப்பனோடும் சித்தப்பனோடும் கடலுக்குப் போய்க் கற்றுக்கொள்கிறான். அவனுக்கு முடிச்சு போட யாரும் தட்டு விற்க முடியாது. நாலைந்து கிலோமீட்டர் உள்ளே கதிர்காமத்தில் இருக்கிற எனக்கோ, கடல் என்பது சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் காற்று வாங்குகிற இடம், அவ்வளவுதான்.

பாடம் இருந்தது, பாடம் நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இன்று சிஃப்நெட் என்று அழைக்கப்படும் மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனம் 1963-ல் கொச்சியில் தொடங்கி, 1968-ல் சென்னைக்கும் வந்தது. பெரிய கப்பல்களுக்கு ஆள் தயாரிப்பது அதன் வேலை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தை ஆரம்பித்தது. சோழமண்டலக் கரையின் பெரிய தொல்லை கரையலை. துறைமுகம் இல்லாத மணற்கரையில், உடைகிற அலையைத் தாண்டிப் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் கப்பல்கள் பாண்டிக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சலங்கு என்னும் தைத்த படகுகள்தான் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. வங்காள விரிகுடாத் திட்டத்துப் பொறியாளர்கள் இதற்கென்றே ஒரு படகு வரைந்தார்கள். கரை நெருங்கும்போது எஞ்சின் விசிறியைத் தூக்கிக்கொள்ளலாம். கூடவே பாதுகாப்புக் கையேடுகள், பயிற்சிகள்.

சென்னையிலும் கொச்சியிலும் உட்கார்ந்து தயாரித்த அந்தப் பாடங்களுக்கு நம்மூர் மீனவர் முழு மனதாகத் தலையாட்டவில்லை. அதற்கு நியாயம் உண்டு. அவரிடம் இருந்தது கட்டுமரம். அவர் அதை ‘மரம்’ என்றே சொல்வார். நாலைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளே, வெளியே என்று எதுவும் இல்லை. ஏறுகிற தண்ணீர் இடுக்கு வழியே தானாக இறங்கிவிடும். ஓட்டை விழ இடமில்லை. கவிழும், நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம். முழுகாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடலாம்.

இப்போது பஸ்டர் கீட்டனின் ‘தி போட்’ படத்துக்கு வருவோம். 1921, இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கீட்டன் வீட்டுக்குள்ளேயே ஒரு படகு கட்டியிருக்கிறார். கட்டி முடித்த பிறகுதான் அது வாசலைவிடப் பெரிது என்று தெரிகிறது. காரில் கட்டி இழுக்கிறார். படகு வருகிறது, வீடு விழுகிறது. துறையில் கார் தண்ணீருக்குள் போகிறது. பிறகு அந்தப் புகழ்பெற்ற வெள்ளோட்டம். சாய்தளத்தில் படகு வழுக்கிக்கொண்டு வர, மேல்தளத்தில் கீட்டன் நிமிர்ந்து நிற்கிறார். தண்ணீரைத் தொட்ட படகு மிதக்கவில்லை. வந்த வேகம் மாறாமல் நேராக உள்ளே போகிறது. அவரும் நின்ற நிலையிலேயே போகிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தொப்பி மட்டும் மேலே நிற்கிறது.

இதைப் படமாக்கிய கதையைக் கீட்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மரப்படகு முழுக மறுத்தது. இரும்புப் பாளத்தை ஏற்றினார்கள். தயங்கித் தயங்கி இறங்கியது, சிரிப்பு வரவில்லை. பின்பக்கத்தைப் பிளந்துகொள்ளும்படி செய்தார்கள். உள்ளே மாட்டிய காற்று தூக்கிப் பிடித்தது. கடைசியில் கடலடியில் நங்கூரமிட்ட கப்பி வழியாகக் கம்பிவடம் விட்டு, இழுவைப்படகால் இழுத்துத்தான் முழுகவைத்தார்கள். படகு எதனால் மிதக்கிறது என்று பாடம் எடுக்க நினைக்கிறவர் இந்த ஒரு காட்சியையும் அதன் கதையையும் வைத்துக்கொண்டால் போதும்.

அதன்பின் வருவதெல்லாம் பாதுகாப்புக் கையேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்த மாதிரி. நங்கூரத்தை வீசினால் மிதக்கிறது. உயிர்காப்பு வளையத்தை வீசினால் முழுகுகிறது. அறையை அழகுபடுத்தப் படம் மாட்ட ஆணி அடிக்கிறார். ஆணி வெளிப்பலகையைத் துளைக்க, தண்ணீர் பீய்ச்சுகிறது. மனைவி சுட்ட தோசை மாதிரியான பண்டம் கல்லாக இருப்பதால் அதை வைத்து ஓட்டையை அடைக்கிறார். உள்ளே சேர்ந்த தண்ணீர் வெளியே போகட்டும் என்று அடியில் துளை போடுகிறார். கடைசியில் குளியல் தொட்டிதான் உயிர்ப்படகு. அதிலும் சின்ன மகன் அடைப்பானைப் பிடுங்கிவிடுகிறான். எல்லாம் முடிந்தது என்று தழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிகிறது, தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை.

கடல் தெரியாதவர் இதற்குச் சிரிப்பது ஒரு மாதிரி. தெரிந்தவர் சிரிப்பது வேறு மாதிரி. எனக்கு ஆணி அடிப்பது சாதாரணமாகவே தோன்றியது. தண்ணீர் வந்த பிறகுதான் சிரித்தேன். கடலுக்குப் போகிறவருக்குச் சுத்தியலைக் கையில் எடுத்ததுமே தெரிந்திருக்கும். கீட்டன் படம் எடுத்தது இரண்டு பேருக்கும்தான், ஆனால் நேர்த்தி முழுக்க இரண்டாமவருக்காக. தப்பு எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அது கண்ணால் பார்க்கும்படி முன்பே வைக்கப்பட்டிருக்கும். இந்த விஷயத்தில் என் கையிலிருக்கும் போதனை டி.வி.டி.க்களைவிட அவர் நல்ல வாத்தியார்.

ஆனால் கட்டுமரக்காரரிடம் இந்தப் படம் செல்லாது. ஆணி அடிக்க உள்ளறை ஏது, துளை போட அடித்தட்டு ஏது? 1921-ல் வீராம்பட்டினத்தில் கூடாரம் போட்டு இதைக் காட்டியிருந்தால், இத்தனை கஷ்டப்பட்டு ஏன் இப்படியொரு படகைக் கட்டினான் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிலைமை மாறியது. சுனாமியில் மரங்கள் போயின. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். எஞ்சின் வைத்தது, வேகமானது, அதிகம் பிடிக்கும். அதோடு உள்ளே, வெளியே என்ற பேதமும் கரைக்கு வந்தது. திடீரென்று முளைத்த பட்டறைகள் அவசரத்தில் கட்டிய படகுகளின் தரம் பற்றி அப்போதே எச்சரிக்கைகள் எழுந்தன. தண்ணீர் நிரம்பினாலும் மிதக்க, படகுக்குள் நுரை அடைத்த அறைகள் வேண்டும் என்பது கையேடுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். மரத்துக்கு அது தேவைப்படவே இல்லை. கீட்டனின் நகைச்சுவை நம் கரைக்குப் பொருந்த எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பொருந்திய காரணம்தான் சிரிக்கும்படி இல்லை.

சாப்ளினை விட்டுவிட்டால் கோபிப்பீர்கள். 1917-ல் வந்த ‘தி இமிக்ரன்ட்’ படத்தின் தொடக்கத்தில் கப்பல் ஆடுகிறது, எல்லோருக்கும் குமட்டல். சாப்ளின் கைப்பிடிக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு, முதுகு குலுங்க, காலை உதறிக்கொண்டிருக்கிறார். பாவம் என்று நினைக்கும்போது திரும்புகிறார். கையில் தூண்டில், நுனியில் மீன். லாரல்–ஹார்டி ஒருபடி மேலே போய், தொழிலின் பொருளாதாரத்திலேயே கைவைத்தார்கள். 1932-ல் வந்த ‘டோவ்ட் இன் எ ஹோல்’ பேசும் படம்தான், பழக்கம் ஊமைப்பட காலத்தது. தெருவில் மீன் விற்கும் இருவர், நாமே பிடித்து நாமே விற்றால் இடையில் ஆள் வேண்டாமே என்று பழைய படகு ஒன்றை வாங்குகிறார்கள். தரகரிடமும் கடன் கொடுத்த வியாபாரியிடமும் மீனை விட்டுக்கொடுத்துப் பழகிய நம் கரைக்கு இது நன்றாகவே புரியும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானதே அந்தக் கணக்கில்தான். லாரலுக்கும் ஹார்டிக்கும் படகு கடலையே தொடுவதில்லை.

ஊமைப்படத்தில் குரல் இல்லை. அதற்கு நேர்மாறான ஒரு சங்கதி பாண்டியில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்கணிப்பை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நாளைக்குக் கடல் எப்படி என்று கரையில் நின்றபடியே கேட்டுக்கொள்ளலாம். படம் இல்லை, தட்டு இல்லை, வெறும் குரல். கடலுக்குப் போகிறவருக்குக் கற்றுத்தர முயலாமல், அவருக்குத் தெரிய வழியில்லாத ஒன்றை மட்டும் சொன்னதால் அது எடுபட்டது. சுனாமி அன்று நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து எச்சரிக்கைத் தொலைபேசி வந்தபோது, ஊரைக் கிளப்பியது அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கிதான்.

இப்போது பாடம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ என்று ஒருவர் யூடியூபில் வலை இழுக்கிறார்; தூத்துக்குடியிலிருந்தும் அப்படி உண்டு. கதிர்காமத்தில் என் தெருப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, நண்டில் ஆண் எது பெண் எது என்று எனக்குச் சொல்லித்தருகிறார்கள். காற்றுச் சத்தத்தில் பேச்சு பாதி கேட்காது. கேட்காத இடத்தில் கையைப் பார்த்தே புரிந்துகொள்கிறோம்.

தட்டுக் காலம் முடிந்தது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போயிற்று. ‘தி போட்’ படமே ஒருமுறை போய்த் திரும்பியதுதான். கீட்டன் வாழ்ந்த வீட்டைப் பின்னாளில் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், 1950களில் அங்கே கிடந்த படச்சுருள் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த ‘தி போட்’ அவற்றில் இருந்தது. நம் ஊமைப்படங்களுக்கு அப்படி வீடு வாங்க ஆள் வரவில்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ ஓர் அடிகூட மிஞ்சவில்லை. தெற்கில் தப்பிய ‘மார்த்தாண்ட வர்மா’ எப்படித் தப்பியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதில் ஒரு புத்தகக் கடையும் ஒரு வழக்கும் வருகின்றன.

(தொடரும்)