கை கொடுத்தவரும் மீள்கிறார்

குடியை விடச் சொல்லி டாக்டர் எச்சரிப்பார், மனைவி அழுவார், அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொள்வார். ஒண்ணும் ஏறாது. அதையே, குடிச்சு மீண்ட இன்னொருத்தர் சொன்னா காதில் விழுது. ஏன்? இதைத் தேடிக்கிட்டே போனா, 1935-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரத்தில் போய் நிக்கும்.

பில் வில்சன் நியூயார்க் பங்குச்சந்தை வட்டாரத்தில் வேலை பார்த்தவர். 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்தினார். அடுத்த சில மாதங்கள் மற்ற குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பேசினார். ஒருத்தரும் திருந்தவில்லை. ஆனால் பேசப் போன அவர் மட்டும் குடிக்காமலே இருந்தார். இந்த இடத்தைக் கவனிங்க.

1935 மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் போனார். போன காரியம் தோற்றது. ஓட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். அப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தேடியது டாக்டரை இல்லை, இன்னொரு குடிகாரரை! தேவாலயம் வழியாகப் போன் போட்டுத் தேடி, மறுநாள் சந்தித்தவர் பாப் ஸ்மித். அவர் அறுவை சிகிச்சை மருத்துவர். குடியால் உடம்பு என்ன ஆகும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம்தான் என்று வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். பில் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். 1935 ஜூன் 10-க்குப் பிறகு பாப் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

உதவி செய்பவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்பதை 1965-ல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிவியலாளர் ஒரு கொள்கையாகவே எழுதினார். நோயாளியாகவே இருந்தவருக்கு, தான் பட்டது இன்னொருத்தருக்குப் பயன்படுதுன்னு தெரிஞ்சதும் தன்மேல் மதிப்பு திரும்புது.

சரி, ஆதாரம்? 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசிய 2020 காக்ரன் மதிப்பாய்வு, இந்தக் கூட்டங்களுக்கு முறைப்படி வழிகாட்டும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகச் சொன்னது.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவமனைதான். சக மனிதரின் துணை அதற்குப் பதில் இல்லை, அதற்குப் பிறகு வரும் நீண்ட வருஷங்களுக்கு.

உங்க வீட்டில் ஒருத்தர் மீண்டு வந்துகொண்டிருந்தால், "உனக்கு என்ன வேணும்?"னு கேட்பதோடு நிறுத்தாதீங்க. கொஞ்சம் தேறினதும், "இவருக்கு நீ துணையா இருப்பியா?"ன்னும் கேட்டுப் பாருங்க.