முதுகில் ஓட்டை, தலையில் தடயம்

‘ஃபைவ் டி ஸ்கேன் எடுத்தால்தான் குழந்தையின் மூளையிலும் முதுகெலும்பிலும் உள்ள குறை தெரியுமாமே, உண்மையா?’ என்று ஜார்ஜ்டவுன் வாசகி ஒருவர் கேட்கிறார். அந்த ஸ்கேனில் தங்கநிறத்தில் கொட்டாவி விடும் குழந்தை முகம் வாட்ஸ்அப்பில் அனுப்ப அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதுகெலும்புப் பிளவைக் காட்டிக்கொடுப்பது, 18 முதல் 22 வாரத்துக்குள் ‘டீட்டெய்ல் ஸ்கேன்’ எடுக்கும்போது கிடைக்கும், யாரும் சட்டம் போட்டு மாட்டாத ஒரு சாம்பல்நிறக் குறுக்குவெட்டுப் படம். அதுவும் பெரும்பாலும் தலையின் படம்.

முதுகில் உள்ள ஓட்டையைத் தலையில் தேடுவானேன்? அந்த மாதத்தில் பிளவு மிகச் சிறியது. கருப்பைச் சுவரில் முதுகை ஒட்டிக் குழந்தை படுத்துவிட்டால் அதுவும் கண்ணில் படாது. ஆனால் தோல் மூடாத பிளவு ஒழுகும். மாமாக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் ஐஸ் தேயை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமூலையில் ஊசிமுனையளவு ஓட்டை. தே சொட்டச் சொட்டப் பையின் மேல்பக்கம் ஒடுங்கும். ஐஸ்கட்டி கீழிறங்கி மூலையில் சிக்கிக்கொள்ளும். மூளைத் தண்டுவடத் திரவம் பிளவு வழியே கசியும்போதும் இதே கதைதான். உள்ளழுத்தம் குறைய, இன்னும் இறுகாத நெற்றியெலும்புகள் இருபுறமும் உள்வாங்குகின்றன. மண்டை எலுமிச்சை வடிவம் கொள்கிறது. இரண்டு உருண்டை மடல்களாகத் தெரிய வேண்டிய சிறுமூளை கழுத்துப் பக்கம் இழுபட்டு, வாழைப்பழம்போல் வளைகிறது. அதன் பின்னால் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை கறுப்பாகத் தெரிய வேண்டிய ‘சிஸ்டர்னா மேக்னா’ என்ற நீர் இடைவெளி காணாமல் போகிறது. தே தீர்ந்தால் பையைக் குப்பையில் போடலாம். மூளையோ திரவத்தைச் சுரந்துகொண்டேயிருக்கும். வழி அடைபட்டதால் அது தேங்கி, மூளையின் உள்ளறைகள் வீங்கும். இந்த இடத்தில் நம் ஐஸ் தே கைவிட்டுவிடுகிறது.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு குழு ஒலியால் எடுத்த வயிற்றுப் படங்களை வெளியிட்டது. 1972இல் ஸ்டுவர்ட் கேம்பெல் மண்டையோடு உருவாகாத கருவை 17ஆம் வாரத்தில் கண்டறிந்தார். 1986இல் கிப்ரோஸ் நிக்கோலைடிஸும் கேம்பெலும் சகாக்களும் எலுமிச்சையையும் வாழைப்பழத்தையும் விவரித்தார்கள். அந்தக் காலத்து இயந்திரங்களில் தங்கநிற முகம் கிடையாது.

அந்தத் தங்கநிற முப்பரிமாணப் படம் வீண் என்று சொல்லவில்லை. பிளவு எந்த முள்ளெலும்பில் தொடங்குகிறது என்று நிபுணர் குறிக்க உதவும். அது கண்டுபிடித்த பிறகு செய்யும் வேலை. பழைய அறிகுறிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எலுமிச்சை வடிவம் நலமான கருக்களிலும் நூற்றில் ஒன்றிரண்டில் தெரியும். பிளவுள்ள கருவிலேயே 24 வாரத்துக்குப் பின் மறைந்துவிடலாம். தோல் மூடிய பிளவு ஒழுகாது, ஆகவே தலையில் தடயமும் விடாது. சில மூளைக் குறைகள் ஏழாம் மாதத்தில்தான் தலைகாட்டும். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால், அன்றைக்குப் பார்த்த இடங்களில் குறை தெரியவில்லை என்று மட்டுமே பொருள். நூறு சதவீத உத்தரவாதம் விற்பவர் வியாபாரி.

‘தெரிந்து மட்டும் என்ன செய்வது?’ என்ற கேள்வி நியாயமானது. மலேசியாவில் 1989இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவு கருக்கலைப்பை அனுமதிக்கத் தாயின் உயிரையும் உடல், மன நலத்தையும் மட்டுமே பார்க்கிறது. கருவின் குறையைத் தனிக் காரணமாக ஏற்பதில்லை. ஆனாலும் பினாங்கு மருத்துவமனைபோல் நரம்பு அறுவைப் பிரிவுள்ள இடத்தில் பிரசவத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். 26 வாரத்துக்குள் கருவிலேயே பிளவை மூடும் அறுவையும் உண்டு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தலைநீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்ட குழந்தைகள் 82 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். குறைப்பிரசவம் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தடுப்பதற்கான நேரம் ஸ்கேனுக்கு வெகு முந்தியது: மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. கிளினிக் கெசிஹாத்தானில் பெயர் பதியும்போது வாங்கும் ஃபோலிக் அமிலம் முதுகெலும்புக்குப் பெரும்பாலும் தாமதம்தான். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ஒரு மாதம் முன்பே தினமும் 0.4 மில்லிகிராம் தொடங்குங்கள். முன்பு பாதிப்பு நேர்ந்திருந்தால் அதிக அளவு தேவை, மருத்துவரிடம் கேளுங்கள். டீட்டெய்ல் ஸ்கேன் முடிந்ததும் முகப்படத்தை வைத்துவிட்டு, சிறுமூளையையும் சிஸ்டர்னா மேக்னாவையும் பார்த்ததாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.