போட்டிக் கடையோடு ஒப்பிடலாமா?

காரைக்காலில் வீட்டிலிருந்தே கருவாட்டை இன்டர்நெட்டில் விற்கப் போகிறீர்களா? "அந்தக் கடையை விட எங்கள் விலை குறைவு" என்று எழுதலாமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும்.

2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் நிறுவனம் "பிக் பில்லியன் டே" என்ற தள்ளுபடி விற்பனையை நடத்தியது. அதைச் சீண்டி, போட்டியாளரான ஸ்னாப்டீல் அன்றே நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. பிளிப்கார்ட் தளம் கூட்டம் தாங்காமல் திணறியது. மறுநாள் அதன் நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டனர். ஸ்னாப்டீலின் சீண்டல் பலித்தது போல் இருந்தது. ஆனால் 2017-ல் ஸ்னாப்டீலையே விலைக்கு வாங்க பிளிப்கார்ட் பேச்சு நடத்தியது! அந்தப் பேச்சு கடைசியில் முறிந்தது.

எனவே சீண்டாதீர்கள், ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் தானே சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்: விலை, எடை, டெலிவரி கட்டணம், பொருளைத் திருப்பித் தரும் வசதி. எந்தத் தேதியின் விலை என்பதையும் குறிப்பிடுங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துவிட்டு, கூரியருக்கு 60 ரூபாய் கூடுதலாக வாங்கினால் அது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் போல நீங்களே உங்கள் பொருளைப் பாராட்டி விமர்சனம் எழுதக் கூடாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் அதைத் தடை செய்கின்றன.