குழந்தைகள் விளையாடும் இடத்தில் 150 கிலோ இரும்பு: வீட்டு கேட், கார் ஷெட் ஷட்டரில் கவனிக்க வேண்டியது என்ன?

சேலம்,

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இப்போது புது வீடு கட்டுபவர்கள் முதலில் கேட்பது கார் நிறுத்த இடம். அதற்கு முன்னால் ஒரு தள்ளு கேட் அல்லது இரும்பு ஷட்டர். திருடன் வரக்கூடாது என்றுதான் கனமான தகடு போட்டு செய்ய சொல்கிறார்கள். ஆனால் அந்த கனமே வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு எமனாகி விடுகிறது.

சென்னை நங்கநல்லூரில் 2025-ம் ஆண்டு வீட்டு இரும்பு கேட் சரிந்து விழுந்ததில் 7 வயது சிறுமி பரிதாபமாக இறந்தாள். இங்கிலாந்து நாட்டில் 2010-ம் ஆண்டு ஒரே வாரத்துக்குள் 2 சிறுமிகள் தானியங்கி கேட்டில் சிக்கி பலியானார்கள். அங்கும் இங்கும் கேட் வேறு, நடந்தது ஒன்றுதான்.

எவ்வளவு கனம்?

12 அடி நீளம், 6 அடி உயரம் உள்ள ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. தகடு போட்டால் தகடு மட்டுமே 100 கிலோவை தாண்டும். சுற்று சட்டம், குறுக்கு கம்பி எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவுக்கு குறையாது. 5 வயது குழந்தையின் எடை 20 கிலோ கூட இருக்காது. சக்கரத்தில் ஓடுவதால் ஒரு கையால் தள்ளினாலே கேட் போகும். அதனால்தான் அதன் கனம் யாருக்கும் தெரிவதில்லை.

கேட் ஏன் விழுகிறது?

தள்ளு கேட் கீழே 2 சக்கரத்தில், தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. அது சாயாமல் பிடிப்பது மேலே தூணில் உள்ள கைடு ரோலர்தான். கேட் ஓடி முடியும் இடத்தில் அதை நிறுத்துவது ஸ்டாப்பர். இந்த ஸ்டாப்பர் இல்லை என்றால் வேகமாக தள்ளும்போது கேட்டின் கடைசி முனை கைடு ரோலரை தாண்டி வெளியே வந்து விடும். பிறகு பிடிக்க ஆள் இல்லை. தள்ளியவர் மேலேயே சாயும்.

ஸ்டாப்பர் என்பது பெரிய பொருள் அல்ல. ஒரு துண்டு இரும்பு, கொஞ்சம் வெல்டிங். தண்டவாளத்தின் இரு முனையிலும் ஒன்று, கேட்டின் மேல் பாகத்தில் ஒன்று இருக்க வேண்டும். லாரி பாடி கட்டுவதில் நாடு முழுக்க பேர் வாங்கிய நாமக்கல்லில் இதை வைக்க தெரியாத பட்டறை கிடையாது. கேட்டு வாங்காததுதான் குறை. தரை வேலை முடியவில்லை, பெயிண்ட் அடிக்கணும் என்று கேட்டை கழற்றி சுவரில் சும்மா சாய்த்து வைப்பதும் அதே அளவு ஆபத்து. கயிறு போட்டாவது கட்டி வைக்க வேண்டும்.

இரண்டு பக்கம் திறக்கும் கேட்டில் பிரச்சினை வேறு. ஆடி காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தாழ் போடாமல் விட்ட கேட் கதவு காற்றில் அடித்து சாத்தும்போது கீல் பக்கம் குழந்தை விரல் இருந்தால் நசுங்கி விடும். திறந்த கதவை தரையில் தாழ் போட்டு நிறுத்துவது நல்லது. கேட்டில் ஏறி ஊஞ்சல் ஆடுவது குழந்தைகளுக்கு பிடித்த விளையாட்டு. "கண்ணு, கேட்ல தொங்காத" என்று சொன்னால் மட்டும் போதாது. கீல் பற்றவைத்த இடத்தில் விரிசல், துரு இருக்கிறதா என்று பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

ஷட்டருக்கும் அளவு உண்டு

கார் ஷெட்டுக்கு ஷட்டர் போடுபவர்கள் ஒரு கணக்கை தெரிந்து கொள்ள வேண்டும். இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6248 என்ற விதி ஷட்டருக்கானது. கையால் தூக்கும் ஷட்டர் என்றால் பால் பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர், அதாவது சுமார் 86 சதுர அடி வரைதான் போடலாம். பால் பேரிங் வைத்தால் 12 சதுர மீட்டர், சுமார் 129 சதுர அடி வரை போகலாம். அதற்கு மேல் என்றால் கியர் வேண்டும்.

10-க்கு 8 அடி ஷட்டர் 80 சதுர அடி. சாதாரணமே போதும். 12-க்கு 10 அடி என்றால் 120 சதுர அடி, பால் பேரிங் கண்டிப்பாக வேண்டும். காசை மிச்சம் பண்ண பார்த்து சாதாரணமாக போட்டால் கனம் எல்லாம் ஸ்பிரிங் மேல் விழும்.

ஷட்டரை பாதி தூக்கி கையை எடுத்து பார்த்தால் அது அங்கேயே நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்து விட்டது என்று அர்த்தம். அந்த ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றவே கூடாது. முறுக்கேறி இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் கை போய்விடும். ஷட்டர் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

மோட்டார் கேட் வைத்தவர்கள்

அமெரிக்காவில் 1993-ல் இருந்து தயாராகும் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களில், நடுவில் குழந்தை சிக்கினால் கதவு திரும்பி விடும் வசதி கட்டாயம். குழந்தைகள் பலியான பிறகுதான் அங்கேயே சட்டம் வந்தது. நம்ம ஊரில் மோட்டார் வாங்குபவர்கள் சென்சார் இருக்கிறதா என்று தாங்களே கேட்டு வாங்க வேண்டும். சென்சார் தரையில் இருந்து அரை அடி உயரத்துக்குள் இருந்தால்தான் தவழும் குழந்தையையும் பார்க்கும்.

கதவு மூடும்போது பாதையில் ஒரு அட்டைப்பெட்டியை தள்ளி பார்க்கலாம். பெட்டியை தொடாமலே கதவு நின்றால் சென்சார் வேலை செய்கிறது. மோட்டாருக்கு எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரும் அவசியம். மழையில் நனையும் இரும்பு கேட்டில் மின்சாரம் பாய்ந்தால் முதலில் தொடுவது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைதான். கரண்ட் போனால் கையால் திறக்கும் சாவி எங்கே என்று வீட்டில் எல்லா பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட் குழந்தை கைக்கு எட்டக்கூடாது. வெளியே நிற்கும் காரிலும் வைக்கக்கூடாது.

திருடனுக்கு எது வசதி?

ஷட்டரின் இரண்டு ஓரத்திலும் பூட்டு போட்டு விட்டு நிம்மதியாக தூங்குகிறார்கள். ஆனால் அகல ஷட்டரின் நடுப்பகுதியை கம்பி விட்டு நெம்பினால் வளைந்து கொடுக்கும். அதனால் நடுவில் ஒரு சென்டர் லாக் வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டாகவே இருந்தாலும், பூட்டு மாட்டும் கொண்டி மெல்லிய தகடாக இருந்தால் கொண்டியோடு பெயர்த்து எடுத்து விடுவான்.

அதைவிட முக்கியம், கார் ஷெட்டில் இருந்து வீட்டுக்குள் போகும் கதவு. வெளியேதான் ஷட்டர் இருக்கிறதே என்று அதற்கு வெறும் தாழ்ப்பாள் போட்டு விடுகிறார்கள். ஷட்டருக்குள் நுழைந்தவன் உள்ளே உட்கார்ந்து சாவகாசமாக அந்த கதவை உடைக்கலாம். வெளியே யாருக்கும் தெரியாது. வாசல் கதவுக்கு போடும் அதே பூட்டு இதற்கும் வேண்டும்.

ஆடி 18-க்கு மேட்டூர், மோகனூர், பரமத்திவேலூர் என்று குடும்பத்தோடு காவிரிக்கு போகிறவர்கள் சாவியை பூந்தொட்டிக்கு அடியிலும், மீட்டர் பெட்டியிலும் வைப்பதை விட வேண்டும். திருடன் முதலில் தேடுவதே அங்கேதான். வாசலில் கோலம் இல்லாமல், பால் பாக்கெட் அப்படியே கிடந்தால் ஆள் இல்லை என்று எழுதி ஒட்டிய மாதிரி. பல நாள் ஊருக்கு போவதாக இருந்தால் பக்கத்து போலீஸ் நிலையத்தில் சொல்லி விட்டு போகலாம். ரோந்து வரும் போலீசார் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

விழுந்து விட்டால்...

கேட் யார் மேலாவது விழுந்தால் கை, காலை பிடித்து இழுக்கக்கூடாது. 4 பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் கார் ஜாக்கியை வைத்து தூக்கலாம். தூக்கும்போதே கீழே கல்லோ கட்டையோ கொடுத்தால் மறுபடி இறங்காது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். வெளியே காயம் தெரியாமல் குழந்தை எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவது அவசியம். நெஞ்சிலும் வயிற்றிலும் உள்காயம் பிறகுதான் தெரியும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். தண்டவாளத்தில் கிடக்கும் மண், கல்லை கூட்டி, சக்கரத்துக்கு கிரீஸ் வைத்து, கைடு ரோலர் நட்டு, ஸ்டாப்பர் வெல்டிங் இரண்டையும் ஆட்டி பார்க்க வேண்டும். ஆடினால் அன்றைக்கே பட்டறைக்காரரை கூப்பிடுங்கள். அவர் வந்து சரி செய்யும் வரை குழந்தைகளை கேட் பக்கம் விடாதீர்கள்.